அடிக்கு ஓர் அங்குலம்

1973 ஜனவரி 14, ஞாயிறு

வாடை இன்னும் அடங்கவில்லை. கொடியில் போட்ட வேட்டி இரண்டு தடவை மணலில் விழுந்தது, இரண்டு தடவை அலசினேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்தாள். புருஷன் கருப்பட்டிக் கடைக்காரர், இனிப்புக்குக் குறைவில்லை. லூ. தொடவில்லை.

லூ. என்றால் லூர்து. என் வீட்டுக்காரர். வாயால் சொல்லிப் பழகாத பெயர், எழுதக்கூட பாதிதான் வருகிறது.

டைரி நான் வேலை பார்க்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தது. யாரிடமும் சொல்ல முடியாததை எங்காவது வைக்க வேண்டுமே.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் லூ. கடலுக்குள் நடந்து போனார். நான் டூட்டியில். சங்கு குளித்துத் திரும்பின வள்ளத்துக்காரர்கள் பார்த்துத் தூக்கி வந்தார்கள். இடுப்பளவு தண்ணீராம். ஊருக்கு அவர் அண்ணன் அந்தோணி அத்தான் சொன்ன கதை: "கால் கழுவப் போனான், தவறிட்டான்." என்னிடம் தனியாக: "போலீசு கேட்டாலும் அதான், சாமியார் கேட்டாலும் அதான். புரியுதா?" புரிந்தது. ஆனால் அவர் ஊன்றி நடக்கிற கம்பு கரையில் நிமிர்ந்து நின்றது. தவறி விழுகிறவர் கம்பை மணலில் ஊன்றிவிட்டா விழுவார்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு வார்த்தை இல்லை. வாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோதுகூடக் குழறிக் குழறி என்னை ஏசிக்கொண்டிருந்தவர். இப்போது ஏச்சும் இல்லை.

ஜனவரி 16, செவ்வாய்

டாக்டர் வீடு. கூட்டம். "விரல மடக்கி நீட்டணும்மா. மாவு பிசையட்டும், பட்டன் போடட்டும். சும்மா இருந்தா அந்தக் கை அப்படியே போயிரும்." கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பந்து கட்டிலுக்கு அடியில். நான் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

பகல் டூட்டி. டிரங்க் லைனில் விளாத்திகுளத்திலிருந்து ஒரு அம்மாள்.
"அங்கன மழை உண்டுமா?"
"இங்கனயும் இல்ல."
"சரி, வச்சிருதேன்."
இவ்வளவுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். கேட்கக் கூடாது என்று விதி. காது என்ன செய்யும்?

நான் டூட்டிக்குப் போகும் நேரம் பாக்கியம் அக்கா தையல் மிஷினை எங்கள் முன்னறையில் கொண்டு வந்து போட்டுக்கொள்கிறாள். காற்று இங்கேதான் நன்றாக வருகிறதாம். அவளுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

பூசைக்குத் தனியாகப் போய் வந்தேன். தகரப் பெட்டியில் கம்பளி தேடியபோது அவருடைய பழைய படம் கிடைத்தது. பயிற்சி மைதானம், இரட்டை இறக்கை விமானம், முன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லூ. சிரிக்கிறார். விமானத்தின் பெயர் டைகர் மாத். பயிற்சிக்கு வந்த பையன்களுக்கு அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அதில்தான். கல்யாணமான புதிதில் இந்த விமானத்தைப் பற்றிப் பேசாத நாளில்லை. எனக்கு அப்போது அலுப்பாக இருக்கும்.

அவர் அப்பா சங்கு குளித்தவர். "எங்கப்பா கீழ முங்குனாரு, இவன் மேல போனான், நான்தான் நடுவுல தோணியோட கிடக்கேன்" என்று அந்தோணி அத்தான் சொல்லிச் சிரிப்பார். இப்போது சொல்வதில்லை.

படத்தை அவர் கையில் கொடுத்தேன். கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. மத்தியானம் பாக்கியம் அக்கா வீட்டுப் பழைய மூங்கில் தட்டியை உடைத்து, சிம்பு சீவி, அவர் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அந்த விமானத்தைக் கட்ட ஆரம்பித்தேன். படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளவு. பிளேடு விரலில் பட்டது. ஒரு கோலம் போடக்கூடக் கை வராத வீட்டில் பிறந்தவள் நான். பார்ப்பதற்குக் கோழிக்கூடு மாதிரி இருந்தது.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஜனவரி 27, சனி

பேசினார்!

வாரம் முழுக்க டூட்டி முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாக. இன்று மேல் இறக்கைகளின் ஓரத்தில் கதவு மாதிரி ஆடுகிற துண்டு வைக்கச் சிம்பு நறுக்கிக்கொண்டிருந்தேன். இறக்கை என்றால் நான்கிலும் இருக்கும் என்று நினைப்பு. பின்னாலிருந்து குரல்.

"மேல எவன் வச்சான் அத?"

குழறல்தான். திருத்தி எழுதுகிறேன். திரும்பிப் பார்த்தால் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கிறார். முகம் கோபத்தில் கறுத்துவிட்டது.

"கீழ் இறக்கையில மட்டுந்தான். மேல கிடையாது. கண்ணு இல்லையா ஒனக்கு?"

"நான் என்னத்தக் கண்டேன்?"

"அப்ப ஏன் செய்யுத?"

"வேற யாரு செய்வா?"

இறக்கையைக் கண்ணால் அளந்தார். "நீளமும் தப்பு. எல்லாந் தப்பு. பிரி."

பிரித்தேன். மிஷினை மிதித்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா மிதிப்பதை நிறுத்திவிட்டாள். அடுக்களைக்குப் போய் அரிசி களைகிற மாதிரி நின்றுகொண்டு அழுதேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

வெயில் ஏறுகிறது. தண்ணீர் லாரி வரவில்லை. குளிக்கவில்லை.

இப்போது லூ. நாற்காலியில், நான் தரையில். அளவெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அசல் விமானத்தின் ஒரு அடி நமக்கு ஒரு அங்குலம். அவர் அடியில் சொல்ல, நான் அங்குலத்தில் வெட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல அதட்டு வாங்குகிறேன்.

வேண்டியவை, அவர் சொல்ல எழுதியது:
மூங்கில் சிம்பு, இன்னும் மெல்லிசாக
வச்சிரப் பசை
தூண்டில் நைலான், ஆகச் சின்னது (கட்டுக் கம்பிகளுக்கு)
லேசான மரம் (மூக்குப் பகுதிக்கு)
வாயில் என்கிற மெல்லிசுத் துணி. என் பழைய சேலை போதும்
உப்பு, சீரகம் (இது எனக்கு)

சக்கரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஊசி மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியை அவரே உருட்டிக் காட்டினார். அளவு சரியாக இருந்தது.

சாயங்காலம் அந்தோணி அத்தான் தோணிப் பட்டறையிலிருந்து முருக்க மரத் துண்டு கொண்டு வந்தார். தக்கை போலக் கனமே இல்லை. தம்பி பேசுவதைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏலே, எப்பிடி இருக்க?"

"மூக்கு செய்யணும். உளி நல்லாத் தீட்டி அனுப்பு."

அத்தான் வெளியே போய் மூக்கைச் சிந்தினார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

உடம்புக் கூடு முடிந்தது. ஆள் உட்கார இரண்டு குழிகள், ஒன்றன் பின் ஒன்றாக. முன்னால் வாத்தியார், பின்னால் மாணவன். எனக்கு இது தலைகீழாகப் பட்டது. "அப்ப பையன் முகத்த எப்பிடிப் பாப்பீய?" என்றேன்.

"பாக்க முடியாது. குழாய் வழியாப் பேச்சுதான். குரல வச்சே தெரிஞ்சிரும், பயப்படுதானா இல்லையான்னு."

எனக்கும் அதுதானே வேலை. சொல்லவில்லை.

இன்று ஒன்று கண்டுகொண்டேன். நான் சரியாகச் செய்தால் அவர் பேசுவதில்லை, கண் மூடிவிடுகிறார். தப்பாகச் செய்தால் எழுந்து உட்காருகிறார், ஏசுகிறார், இடது கையால் பிடுங்கிக் காட்டுகிறார், வலது கையையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறார். இரண்டு வேளை சாப்பிடுகிறார்.

அதனால் இறக்கையின் விலா எலும்புகளில் ஒன்றை வேண்டுமென்றே கட்டையாக வெட்டினேன். நன்றாக ஏச்சு விழுந்தது. ராச் சோறு முழுசாக உள்ளே போனது.

இன்னொன்றும் உண்டு. முடிந்துவிட்டால் என்ன? இந்த வேகத்தில் ஈஸ்டருக்கு முன்னால் முடிந்துவிடும். அப்புறம் அவருக்கு என்ன இருக்கிறது? மறுபடியும் சுவரும், கதவும், கதவுக்கு அந்தப் பக்கம் கடலும்.

பிப்ரவரி 16, வெள்ளி

எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் அம்மா வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கேட்ட லைனை ஆழ்வார்திருநகரிக்குப் போட்டுவிட்டேன். தூக்கமில்லை. அவர் புரண்டால் விழிப்பு, புரளாவிட்டாலும் விழிப்பு. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் பாய் போட்டுப் படுக்கிறேன்.

கடைத்தெருவில் நைலான் கிடைக்கவில்லை என்று லூ.விடம் சொன்னேன். கிடைத்தது. பையில் இருந்தது. அரிசிப் பானைக்குள் மாற்றினேன். பசையில் தண்ணீர் கலந்தேன். ஒட்டினது காலையில் விட்டுப்போயிருந்தது. "பசை சரியில்ல" என்றார். "ஆமா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது.

தலையில் நரை கூடிவிட்டது.

பிப்ரவரி 20, செவ்வாய்

நேரமாகிவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன்.

டூட்டி முடிந்து வந்தேன். பாக்கியம் அக்கா மிஷினை எடுத்துக்கொண்டு போனாள். லூ. மடியில் நைலான் சுருள். கஞ்சிக்கு அரிசி எடுக்கப் போன அக்காவின் கையில் அகப்பட்டிருக்கிறது.

"எத்தன நாளா இது?"

"எது?"

"வேணும்னே தப்பாச் செய்யுத. வெட்டுறது தப்பு, பசை தப்பு. எனக்குக் கைதான் போச்சு. புத்தி போகல."

சுருளை எடுக்கக் கை நீட்டினேன். அவ்வளவுதான். முடிந்திருந்த கீழ் இறக்கையை இடது கையால் எடுத்துச் சுவரில் அடித்தார். சிம்பெல்லாம் சிதறிப்போனது. "பொம்ம காட்டி ஏமாத்துதியோ? சின்னப் பிள்ளையா நான்?" என்று கத்தினார். வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்கப் போனேன். தள்ளிவிட்டார்.

எனக்கு என்ன வந்ததோ. போய் வாசல் கதவை அகலத் திறந்தேன். கடல் தெரிந்தது. "போங்க. அன்னைக்குப் போன மாதிரியே போங்க. நான் கூப்பிட மாட்டேன், யாரையும் அனுப்பவும் மாட்டேன். என்னால முடியல. காவலுக்கு நிக்க என்னால முடியல" என்று சொன்னேன். கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கம்பு தட்டுகிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வரவில்லை. பிறகு வந்தது. கதவுப் பக்கம் போயிற்று. நின்றது. கதவு மூடுகிற சத்தம்.

போய்விட்டார் என்று நினைத்து ஓடினேன். உள்ளேதான் நின்றார். கதவில் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

"காத்து அடிக்கு" என்றார்.

பிப்ரவரி 21, புதன்

லீவு போட்டேன். உளுந்தங்கஞ்சி வைத்தேன். குடித்தார்.

சாயங்காலம் பார்த்தால் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருக்கிறார். எப்படி இறங்கினாரோ. சிதறின சிம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உடைந்தது தனி, உடையாதது தனி என்று வைத்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பந்தும் வந்தது.

"அரிசிப் பானையில இன்னும் என்னல்லாம் வச்சிருக்க?" என்று கேட்டார்.

சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. வாய் ஒரு பக்கம்தானே அசைகிறது.

மார்ச் 7, புதன்

திருநீற்றுப் புதன். கோயிலிலிருந்து சாம்பல் நெற்றியோடு வந்தேன். நெற்றியைப் பார்த்துவிட்டு எனக்கும் வை என்றார். என் நெற்றியிலிருந்தே தொட்டு வைத்தேன். முறையா தெரியவில்லை. சாமியார் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள்.

நான்கு இறக்கையும் மாட்டியாயிற்று. இன்று கட்டுக் கம்பிகள். மேல் இறக்கையிலிருந்து கீழ் இறக்கைக்குக் குறுக்கும் நெடுக்குமாக நைலான். நான் முடி போடுகிறேன். அவர் இடது விரலால் சுண்டிப் பார்த்துக் காதைச் சாய்க்கிறார். இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அவிழ். அவிழ்த்து அவிழ்த்து விரல் நுனி தடித்துவிட்டது.

அப்படி ஒரு முடி போட்டுக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே லூ. சொன்னார்:

"அன்னைக்கு நான் தவறி விழல."

"தெரியும்."

"அண்ணன் சொன்னானா?"

"கம்பு மணல்ல குத்தி நின்னுச்சுல்லா."

கொஞ்ச நேரம் சுண்டிக்கொண்டிருந்தார். "தண்ணி இவ்வளவு ஆழமில்லாமக் கிடக்கும்னு நினைக்கல. நடந்துக்கிட்டே இருக்கேன், இடுப்புக்கு மேல ஏறல. எங்கப்பன் முங்கின கடலு. எனக்கு முங்க இடம் குடுக்கல."

கேட்டே விட்டேன். "இது முடிஞ்ச பெறகு என்ன செய்வீய?"

"அதுக்குத்தான் ஒளிச்சு வச்சியோ நைலான?"

"ஆமா."

"எனக்கே தெரியல ஞானம். தெரியாதத எப்பிடிச் சொல்ல? இன்னைக்குக் கம்பி கட்டணும். அவ்வளவுதான் தெரியும்."

பொய் சொல்லாமல் இதைச் சொன்னாரே என்று இருந்தது. "இனி மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கையை அவர் முழங்காலில் வைத்தேன். வலது முழங்கால். உணர்ச்சி உண்டோ என்னவோ. தள்ளவில்லை.

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 18, ஞாயிறு

புழுக்கம். காற்றே இல்லை. உப்பளத்துப் பக்கமிருந்து வருகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருகிறார்கள்.

துணி போடும் வேலை. சேலையைக் கிழித்துக் கஞ்சியில் முக்கி, கூட்டின் மேல் இழுத்து ஒட்ட வேண்டும். காய்ந்தால் மேளம் போல விறைக்கும். மேலே வார்னிஷ். கீழ் இறக்கை இரண்டும் ஆயிற்று. மேல் வலது ஆயிற்று. பச்சைப் பூப் போட்ட வாயில் சேலை. பூக்கள் தெரிகின்றன. "இந்தச் சேலையில ஒன்னப் பாத்திருக்கேன்" என்றார். கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் எடுத்தது. அந்த வருஷம்தான் பிள்ளை தங்காமல் போனது.

மேல் இறக்கைகள் நேராக இல்லாமல் பின்னால் சாய்ந்திருப்பது ஏன் என்று கேட்டேன். அவர் வாத்தியாராகிவிட்டார். முதலில் செய்த விமானத்தில் மேல் இறக்கை முன் சீட்டுக்காரனின் தலைக்கு நேர் மேலே இருந்ததாம். ஆபத்தென்றால் பாராசூட்டோடு ஏறிக் குதிக்க வழி இல்லை. அதனால் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். நகர்த்தியதும் எடை நிலை மாறியது. சரிக்கட்ட இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள்.

"ஒரு ஆளு வெளிய போறதுக்காக மொத்தமும் மாத்தினாகளா?"

"ஆமா."

"நீங்க குதிச்சிருக்கீயளா?"

"இல்ல. பின்னால பையன் இருப்பான்லா. அவன வச்சிக்கிட்டு எப்பிடிக் குதிக்க?"

வலது கைச் சுண்டுவிரல் இன்று அசைந்தது. நான் பார்த்தேன். இல்லை என்கிறார்.

மார்ச் 24, சனி

சண்டை. மஞ்சளுக்காக.

பயிற்சி விமானம் மஞ்சளாக இருக்க வேண்டுமாம். நான் வாங்கி வந்த டப்பா எலுமிச்சை மஞ்சள். "இது சாமியார் வீட்டுச் சுவருக்கு அடிக்கிறது" என்றார். அவருக்கு வேண்டியது பழுத்த பப்பாளிக்கும் மஞ்சள் கிழங்குக்கும் நடுவில் ஏதோ. திங்கட்கிழமை மாற்றிவிட்டு வருகிறேன் என்றேன். கொஞ்சம் சிவப்பும் வாங்கி வா, கலந்து பார்ப்போம் என்றார்.

சோறு, சாளை மீன் குழம்பு. முள் எடுத்துக் கொடுத்தேன். "நானே எடுக்கேன்" என்று இடது கையால் பாதி மீனைச் சிதைத்தார். விட்டுவிட்டேன்.

பாக்கியம் அக்கா: "ஏளா ஞானம், ஒம் மூஞ்சில கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கு."

ராத்திரி பாயைக் கதவோரத்திலிருந்து கட்டில் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

மார்ச் 27, செவ்வாய்

லூ. போய்விட்டார். காலையில்.

மார்ச் 31, சனி

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்கிற கதை என் தலைக்குள்ளும் ஏறிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை. நான் டூட்டிக்குச் சேலை கட்டிவிட்டு இட்லி வைத்தேன். இரண்டாவது இட்லி. "சட்னியில உப்பு போட்டியா?" என்றார். ருசி பார்த்தேன், போடவில்லை. உப்பு எடுக்க உள்ளே போனேன். திரும்பினபோது தலை மேசையில். தட்டில் கன்னம். விளையாட்டு என்று ஒரு நொடி நினைத்தேன். "என்னங்க" என்றேன். மூச்சு வேறு மாதிரி வந்தது, குறட்டை போல. பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வீட்டு அண்ணாச்சி வண்டி கொண்டு வந்தார். வண்டியிலேயே மூச்சு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர், "மறுபடியும் அதே வாதந்தாம்மா, பெரிசா வந்திருக்கு" என்றார். என் கையில் உப்பு அப்படியே இருந்தது. மூடின கைக்குள் ஈரமாகிக் கட்டியாகியிருந்தது.

அந்தோணி அத்தான் வந்தார். அழவில்லை. நேராக என் முழங்கையைப் பிடித்து ஆஸ்பத்திரித் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். கண் சிவந்திருந்தது. மெதுவாக:

"உண்மையச் சொல்லு. அவனாத் தேடிக்கிட்டானா?"

"இல்லத்தான்."

"என்கிட்ட மறைக்காத. மருந்து கிருந்து எதையாவது..."

"இட்லி தின்னுக்கிட்டிருந்தாவ. சட்னியில உப்பு இல்லன்னு ஏசினாவ. மத்தியானம் பெயிண்ட் கலக்கணும், டூட்டி முடிஞ்சு சீக்கிரம் வான்னாவ."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அப்போதுதான் அத்தான் அழுதார். தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு, பெரிய சத்தமாக. "அப்பிடின்னா சரி, அப்பிடின்னா சரி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அதுதான் வந்தது. முதலில் வந்தது. அப்பாடா. அவர் செய்யவில்லை. கோயில் மணி அடிக்கும், பூசை உண்டு, குழியில் சாமியார் மண் போடுவார், யாரும் வாயைத் திறக்க முடியாது. புருஷன் செத்துக் கிடக்கிறார், என் மனம் நிம்மதியாகிறது. இப்படி ஒரு பெண் உண்டா? துக்கம் பிறகுதான் வந்தது, வீட்டுக்கு வந்து அவருடைய ஒற்றைச் செருப்பைப் பார்த்தபோது. வலது காலுக்கு எப்போதும் நான்தான் மாட்டிவிடுவேன். இடது காலுக்கு அவரே. இடதுதான் மேசைக்கு அடியில் கிடந்தது.

எல்லாம் முறையாக நடந்தது. சாமியார் நன்றாகப் பேசினார், "பொறுமையாய்ப் பாடுபட்டவர்" என்றார். பொறுமையா? கேட்டிருந்தால் லூ. ஏசியிருப்பார்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாது. விமானம் முடிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது. அவருக்கும் தெரியாது என்றார். யாருக்குமே தெரியாமல் போயிற்று.

ஏப்ரல் 3, செவ்வாய்

ஏழாம் நாள் பூசை. சூப்பர்வைசர் அம்மா வந்திருந்தாள், கூட இரண்டு பெண்கள். "எப்ப ஜாயின் பண்ணுற?" என்று ஒருத்தி. மற்றவள் அவளைக் கிள்ளினாள். பரவாயில்லை. திங்கள் என்றேன்.

சொந்தக்காரர்கள் விமானத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "பிள்ளையளுக்கா?" என்று ஒரு கிழவர் கேட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 8, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. காலையில் பூசை. கல்லறையில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை, வளைந்துபோயிற்று.

அந்தோணி அத்தான் கட்டிலை எடுக்க ஆள் அனுப்பினார், நான்தான் எடுத்துப் போகச் சொன்னேன். கூடவே அவரும் வந்தார். விமானத்தைக் காட்டி, "இத என்ன செய்ய? பட்டறையில ஒரு ஆசாரி இருக்கான், முடிச்சுக் குடுப்பான்" என்றார். வேண்டாம் என்றேன். மேல் இடது இறக்கைக்குத் துணி பாக்கி. சேலையில் மிச்சம் இருக்கிறது. நானே போடுவேனோ, அப்படியே விடுவேனோ. மஞ்சள் டப்பா திறக்கவில்லை.

நாளை டூட்டி. வெள்ளைச் சேலை இரண்டு கஞ்சி போட்டேன். பாக்கியம் அக்கா ரசம் கொடுத்தாள். மிஷின் அவள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது.

மத்தியானம் தரையில் சும்மா சாய்ந்தேன். தூங்கிவிட்டேன். மாதக் கணக்கில் தூங்காத தூக்கம். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது, வாசல் கதவு திறந்து கிடந்தது. தூங்கிவிட்டேனே, தூங்கிவிட்டேனே என்று எழுந்து ஓடினேன். முந்தானை எங்கே போயிற்றோ. செருப்பில்லை. மணல் சுட்டது. தண்ணீர் ஓரம் வரைக்கும் ஓடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். கடல் தட்டையாகக் கிடந்தது.

கருவாடு காயப் போட்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். புதியவள், என்னைத் தெரியாது.

"என்னக்கா? யாரத் தேடுதிய?"

நின்றேன். காலில் தண்ணீர் பட்டது.

"யாரையும் இல்ல" என்றேன்.